அடிபம்புக்கு அடுத்த கதவு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போதுதான்
எனக்கு வேலை ஓடும்.
எண்ணெய் டாங்கர்களை இழுத்துப் போகும் ரயிலுக்கு
ஜன்னல் அதிரும், லேப்டாப் திரையும்.

காசிமேட்டு சகாயராஜின் கடை,
விசைப்படகு உதிரி பாகங்கள்.
விலைப்பட்டியலை முன்னமே யாரோ கட்டிவைத்திருந்தார்.
நானூற்றுப் பதினெட்டு வரிசை.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
நீலம் தடிப்பு இடப்பக்கம் சின்னது
நீலம் தடிப்பு இடப்பக்கம் சின்னது
என்று பச்சை குத்தியிருந்தது.

"நீலம் வேணாம்மா, பச்சையாக்கு" என்றார்.
நீலம் என்கிற பெயருக்குப்
பச்சை பூசிக் கொடுத்தேன்.
அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

ஸ்டைல் ஷீட் அதைவிட மோசம்.
டிவ்வுக்குள் டிவ்வுக்குள் டேபிளுக்குள்
இரண்டாம் வரிசைக்குள் மூன்றாம் கட்டத்துக்குள் ஸ்பேன்:
என் ஆதார் கார்டு முகவரி மாதிரி.
பழைய எண், புதிய எண், பின் போர்ஷன், மாடி.
நடுவில் ஒரு சுவரை இடித்தால்
கூரியர் பையன் தெருமுனையிலேயே நின்றுவிடுவான்.
அங்கங்கே ஆச்சரியக்குறியோடு ஓர் இம்பார்ட்டன்ட்.
ரேஷன் வரிசையில் ஒருத்தர் கத்தினால்
அப்புறம் எல்லாரும் கத்தித்தான் ஆகணும்.

அழித்தேன்.
பட்டியலுக்கு மட்டும் ஒரு பெயர்: விலை.
மற்றதெல்லாம் உறவுமுறை.
விலையின் நேர்ப் பிள்ளைகள்,
தலைப்பை ஒட்டி வருவது,
கடைசிப் பிள்ளைக்குக் கீழே கோடு வேண்டாம்.
நான்கே வரி.
ஒரு கூர்க்குறி, ஒரு கூட்டல்குறி.

சகாயராஜ் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
"அப்டியேதானே கீது, இன்னா பண்ணே?"
"அப்படியேதான் இருக்குண்ணே" என்றேன்.
எஞ்சின் வால்வு விலையில் ஒரு பூஜ்யம் குறைவதை
அவர்தான் கண்டுபிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை
என் கதவை முதல்முறையாகப் படித்தேன்.
சொட்டு மருந்துக்காரர்களின் சாக்பீஸ் கணக்கு,
கொசு மருந்துத் தேதி, மின்வாரிய எண்,
வெள்ள நிவாரண ஸ்டிக்கரில் பாதி,
எந்தத் தேர்தலினுடையதோ காய்ந்த பசை,
யாரோ யாருக்கோ போட்ட அம்புக்குறி.
கதவு என்று தெரிவதற்குக்
கதவில் இடமில்லை.

தின்னர் ஊற்றித் துடைத்தேன்.
சாம்பல் நிறம், ஒரே கோட்டிங்.
கை எரிந்தது. யாரும் கேட்கவில்லை,
ஆனாலும் இரண்டு தரம் வெளியே போய்ப் பார்த்தேன்.

மாலையில் தில்ஷாத் வந்தாள்,
தோளில் ஐஸ் பெட்டி, இடுக்கில் நோட்டு.
"இன்னாக்கா, நம்பரு அல்லாத்தியும் அயிச்சிட்டே?"

"அப்புறம் எப்படி வந்தே?"

"அடிபம்புக்கு அடுத்த கதவு. இதுக்கு இன்னா நம்பரு?"

சொல்லிக்கொண்டே பழக்கத்தில்
சாக்பீஸைக் கதவில் வைத்தாள்.
பெயிண்ட் காயவில்லை.
வழுக்கியது.
சாம்பல் ஒட்டிய நுனியை ஊதிப் பார்த்துவிட்டு
"சரி வுடு, நோட்டுலயே எயுதிக்கிறேன்" என்றாள்.