ஏழாம் கட்டில்

செவ்வாய்தோறும் சிரம்பானிலிருந்து வேன்.
ஐந்து மாணவர்கள், நான், ஓட்டுநர் ரம்லி.
வளைவுகளில் யாராவது ஒருவருக்குக் குமட்டும்.
பாகாவ் வரும் முன்பே செம்பனைகள் வந்துவிடும்,
வரிசை பிசகாமல், யாரையும் வரவேற்காமல்.

மாவட்ட மருத்துவமனை, ஆண்கள் வார்டு.
ஏழாம் கட்டிலில் சன்னாசி அண்ணன்,
குலை வெட்டுபவர், வயது ஐம்பத்தொன்று.
மட்டை முள் குத்திய முழங்கை
சிவந்து, பளபளத்து, தொட்டால் கொதித்தது.

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"
கேட்டுக்கொண்டே எழுதினேன்.
எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டேன்.
நடுவில் அவர் ஏதோ சொன்னார்:
எஸ்டேட் ஆஸ்பத்திரி, சின்ன வயசு, ஒரு ஊசி,
உடம்பெல்லாம் தடிப்பு,
அப்பா சைக்கிளில் வைத்து மிதித்த மிதி.
கதை என்று நினைத்தேன்.
படிவத்தில் கதைக்கு இடமில்லை.
'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக்.
பென்சிலின் வகை, நரம்பு வழியாக.

பிறகு நடந்தது மிசி ஹஸ்னாவின் குறிப்பில் இருக்கிறது.
உதடு வீக்கம். மூச்சில் விசில்.
தொடையில் அட்ரினலின், இரண்டு முறை.
அழுத்தம் திரும்பிய நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு.
குறிப்பில் இல்லாதது,
கண் திறந்து அவர் முதலில் கேட்டது:
"ஏன் பிள்ள, கை நடுங்குது?"

திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் நிறுத்தச் சொன்னேன்.
எல்லாருக்கும் தே தாரேக்.
லோகேந்திரன் மட்டும் கிளாசைத் தொடவில்லை.

"அவர் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"
"கேட்டுச்சு டாக்டர்."
"ஏன் சொல்லல?"
கரண்டியைக் கவிழ்த்தான், நிமிர்த்தினான்.
"போன வாரம் சொன்னீங்களே,
நான் கேக்கும்போது இடையில பேசாதேன்னு."

சொன்னேன்தான்.
அந்தக் குரல் யாருடையது என்பதும் தெரியும்.
கோலாலம்பூரில் என் ஹவுஸ்மேன் நாளில்
ஃபைலை என் காலடியில் எறிந்தவருடையது.
இவரைப் போல் ஆகவே மாட்டேன் என்று
கழிவறையில் முகம் கழுவி
சத்தியம் செய்தவள் நான்.
ஃபைலை எறிந்ததில்லை.
அவ்வளவுதான் வித்தியாசம்.

மாதம் ஒருமுறை வழிகாட்டிப் படிவம் நிரப்ப வேண்டும்.
'மாணவரிடம் காணும் குறை' என்ற இடத்தில்
ஏற்கெனவே என் கையெழுத்து:
அமைதியானவன், முன்வந்து பேசுவதில்லை.
அதை அடிக்கவில்லை.
அடித்துவிட்டால் எனக்கு லேசாகிவிடும்.
சம்பவ அறிக்கையில் மட்டும்
'யார் கவனிக்கத் தவறியது' என்பதற்கு நேரே
என் பெயரை எழுதி,
அவனிடம் படிக்கக் கொடுத்தேன்.
படித்தான். எழுத்துப் பிழை ஒன்றைக் காட்டலாமா என
யோசித்ததுபோல் இருந்தது.
காட்டவில்லை.

அடுத்த செவ்வாய்.
சன்னாசி அண்ணன் வீட்டுக்குக் கிளம்பத் தயார்.
கையில் ஒவ்வாமை அட்டை, சிவப்பு.
மாத்திரையை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர்."
குறுக்கே. குரல் பிசிறி, காது சிவந்து.
"இதுவும் அதே குடும்பத்து மருந்து இல்லையா?"

மற்ற நால்வரும் தரையைப் பார்த்தார்கள்.
பட்டியலை எடுத்து, விரல் வைத்துத் தேடினேன்.
போதாதென்று மருந்தகத்துக்கும் போன் போட்டேன்.
மூன்று நிமிடம்.

இல்லை. வேறு குடும்பம்.
அவன் சொன்னது தப்பு.

"பார்த்தாச்சு, இது பரவாயில்ல," என்றேன்.
"நன்றி. அடுத்த தடவையும் நிறுத்து."

சன்னாசி அண்ணன்
அட்டையைச் சட்டைப்பையில் செருகினார்.
"கேக்கட்டும் பிள்ள," என்றார்.
"இப்பவாவது ரெண்டு பேரு கேக்குறீங்க."