நிலவில்லாத இரவுகளின் வேலை

வியாழக்கிழமை தேர்வு.
புத்தகத்தின் எழுபதாம் பக்கத்திலிருந்து
எல்லாத் தோலும் இளஞ்சிவப்பு.
முத்துப்போல மினுங்கும் மேடு, நடுவில் சின்னக் குழி:
அடித்தள செல் புற்று.
ஊர்ந்து வளரும், தொலைதூரம் போவது அரிது,
விட்டால் மூக்கை அரித்துவிடும்.
படகில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன்,
என் கறுத்த முழங்கையைப் பார்த்தபடி.

உகேரேவே தீவில் இறங்கினோம்.
ஆறு மாணவிகள், ஒரு மடக்குமேசை,
கைப்பிடி உடைந்த ஒரு பூதக்கண்ணாடி.
கரை நெடுக டகா மீன்,
விரல் நீள வெள்ளி,
மணலில் கொட்டிய சில்லறைபோல.

முகேட்டாவுக்கு முப்பத்தொரு வயது.
எங்கள் பேச்சைப் பேசுகிறவன்,
எங்கள் நிறம் மட்டும் இல்லாமல் பிறந்தவன்.
புருவம் வைக்கோல். கண்ணை இடுக்கியே
முகத்தில் கோடுகள் விழுந்திருந்தன.
இடது காது மடலின் விளிம்பில் ஒரு பொருக்கு.

'வலை முள் கீறியது, சிஸ்டர்.'
எப்போது?
'மழைக்கு முன்னால்.'
அந்த மழைக்குப் பிறகு
இன்னொரு மழையும் பெய்து ஓய்ந்திருந்தது.

பொருக்கை ஈரத் துணியால் நனைத்தேன்.
அடியில் சிவந்த சதை,
தொட்டால் கசியும், ஓரம் தடித்திருக்கும்,
அழுத்தினால் கல்போல நிற்கும்.
செதிள் செல் என்று பக்கம் எழுபத்துநான்கு சொல்கிறது;
என் வேலை பெயர் வைப்பது அல்ல.
பதினான்கு மில்லிமீட்டர்.
காதுக்குக் கீழே, தாடைக்குக் கீழே, கழுத்தோரம்
விரல் நுனியால் தேடினேன்.
கட்டி எதுவும் தட்டுப்படவில்லை.
நோட்டில் எனக்காக ஒரு வரி:
ஒரு மாதத்தில் ஆறாத புண்ணிடம்
காரணம் கேட்டுக்கொண்டிருக்காதே, அளவெடு, அனுப்பு.

ம்வான்சாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு
பாடத்தை ஒப்பித்தேன்:
பத்து மணியிலிருந்து நாலு மணிவரை
வெயிலில் நிற்கக் கூடாது.

அவன் சிரித்தான். கேலி இல்லை அதில்.
'மீன் நிழலில் காயுமா?'

என்னிடம் பதில் இல்லை.
அகல விளிம்புத் தொப்பி ஒன்று இருந்தது,
முழுக்கைச் சட்டை ஒன்று,
களிம்பு மாதத்துக்கு ஒரு குப்பி,
காது, பிடரி, உதடு மறக்காமல்,
வியர்த்தால் மறுபடியும்.
குப்பியைக் குலுக்கிப் பார்த்தான்,
உப்பு ஜாடியின் கணக்குப் பார்ப்பவன்போல.

துணைக்கு வந்த அவன் தங்கை நியமிசி
'எனக்கு இந்த வம்பெல்லாம் இல்லை,
நான் கறுப்பு' என்றாள்.
அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.
செருப்பைக் கழற்று என்றேன்.
நானும் கழற்றினேன்.
உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்:
மெலனோமா எங்களிடம் வந்தால்
வெயில் எட்டாத வீட்டில்தான் குடியேறும்.
ஒரு பாதி மறு பாதியோடு ஒத்துப்போகாத புள்ளி,
கிழித்த காகிதம்போல ஓரம்,
ஒரே புள்ளியில் பல நிறம்,
பென்சில் ரப்பரைவிட அகலம்,
எல்லாவற்றையும்விட, போன மாதம் போல் இல்லாதது.
அவள் பாதத்தில் வெடிப்பு மட்டும்.
என் பாதத்தில் பேனா மை.
இருவரும் எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தோம்.

பிறகு நியமிசிதான் சொன்னாள்,
செருப்பு வாரை இழுத்துக்கொண்டே,
எங்களைப் பார்க்காமல்:
'நிலவில்லாத ராத்திரியில்
படகுக்கு விளக்குப் பிடிக்க ஆள் தேடுகிறார்கள்.
பகலில் மீனை நான் புரட்டுகிறேன்.'
'எனக்குக் கண் சரியில்லையே.'
'உனக்கு வெயிலில்தானே சரியில்லை.'

விளக்கொளியில் மொய்க்கும் மீனைப் பார்க்க
ரொம்பப் பார்வை வேண்டாம் என்றும்,
படகுக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்றும்,
கூலி பாதிதான் என்றும்
இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.
தொப்பியை அவள் போட்டிருந்தாள்.
கூப்பிட்டுச் சொல்வதற்குள்
அவனே பிடுங்கிக்கொண்டான்.

தேர்வில் கேட்டிருந்தார்கள்:
தடுப்பு முறைகள் நான்கு எழுதுக.
மூன்று புத்தகத்தில் இருந்தவை.
நான்காவதாக எழுதினேன்:
அவர் எந்நேரம் வேலை செய்கிறார்,
அதை வேறு யார் செய்ய முடியும் என்று கேட்பது.
அரை மதிப்பெண்.

காதிலிருந்து வெட்டிய துண்டின் முடிவு
இன்னும் வரவில்லை.
அடுத்த படகு செவ்வாய்க்கிழமை.