வெறும் லாரியின் எடை

முப்பத்தொரு வருஷம் செம்பனை மில் வாசலில்
எடைமேடைக் கிராணியாக இருந்தேன்.
குலையோடு நுழையும் லாரிக்கு ஒரு சீட்டு,
கொட்டிவிட்டு வெளியேறும்போது இன்னொன்று,
கழித்து வருவதற்குத்தான் கம்பெனி காசு கொடுக்கும்.
குலைக்கடியில் மணலை ஒளித்து வருவார்கள் சிலர்.
டயரின் பிதுக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.
என் பிதுக்கத்துக்கு யாரும் சீட்டு எழுதியதில்லை.

அறுபத்திரண்டு வயதில்
பத்தாங் பெர்ஜுந்தை கிளினிக்கில்
(ஊர்ப் பலகையை மாற்றிவிட்டார்கள், வாய் மாறவில்லை)
மிஸ்ஸி ரொகாயா செருப்பைக் கழற்றச் சொன்னாள்.
எண்பத்தெட்டு புள்ளி நான்கு.
தாலியையும் கழற்றவா என்று கேட்டேன்.
அவள் சிரிக்காமல் என் முழங்கால் படத்தை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

முதலில் வந்தது டப்பா.
ஞாயிறு பூசை முடிந்ததும் குளோரி
காடியின் பின்கதவைத் திறந்து காட்டினாள்:
மூணே மாசம் அக்கா, பதினஞ்சு கிலோ.
முன்னூற்றெண்பது ரிங்கிட். ஸ்ட்ராபெர்ரி வாசம்.
சோற்றுக்குப் பதில் அதைக் கரைத்துக் குடித்தேன்.
ஒன்பது கிலோ இறங்கியது.
கூடவே தலைமுடி இறங்கியது,
தண்ணீர் வாளி தூக்கும் தெம்பு இறங்கியது,
நாற்காலியிலிருந்து எழ
சவரிமுத்துவின் தோள் வேண்டியிருந்தது.
மூன்று வேளையும் சோறு தின்று
காண்டாக் கம்புபோல் நிற்கும் மனுஷன் அவர்;
தோளைக் கொடுத்தார், வாயைத் திறக்கவில்லை.
அதுதான் எரிச்சல்.

ஈஸ்டருக்குள் பதினொன்று ஏறிவிட்டது.
கொட்டப் போன லாரி
கூடுதல் கனத்தோடு திரும்பியதாக
ஒரு சீட்டு என் மேசைக்கு வந்திருந்தால்
மேனேஜரையே கூப்பிட்டிருப்பேன்.

மறுபடி கிளினிக்குக்குப் போனது பேரம் பேச.
கனி கடைத் தே தாரிக்கை விடமாட்டேன்,
ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியையும்.
சரி, என்றாள் ரொகாயா,
எண்பது வயதிலும் எதைச் செய்வாயோ
அதை மட்டும் சொல்.
மாசம் அரைக் கிலோ போதும்.
பெலான் பெலான், மக்சிக்.

பெலான் பெலான்.
தே தாரிக் குராங் மானிஸ் ஆனது.
முதல் வாரம் கனி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.
ரொட்டி சானாய் இரண்டு ஒன்றானது,
மிச்சப் பசிக்கு அவித்த முட்டை, தெம்பே.
சோயா போத்தல் இரண்டில் மணல் நிரப்பி
கைக்கொன்றாகத் தூக்கி இறக்குகிறேன், காலையில் இருபது தரம்.
மணலின் கனம் எனக்குப் புதுசில்லை.
வெயில் சாய்ந்தபின்
கடை வரிசையிலிருந்து மில் வாசல்வரை நடை,
உதிர்ந்து கிடக்கும் பழங்களில் வழுக்காமல்.

தீபாவளிக்கு ஏழு வீட்டு விருந்து.
ஒன்று புள்ளி இரண்டு ஏறியது.
குறித்துக்கொண்டு
மறுநாள் மணல் போத்தலை எடுத்தேன்.

பதினோராம் மாசம்
மில் வாசலில் புதுக் கிராணிப் பையன்
மேடையில் நிற்கிறீர்களா என்றான் விளையாட்டாக.
அறுபது டன் தாங்கும் இரும்பு அது,
பத்துப் பத்தாகத்தான் காட்டும்,
அதற்குக் கீழே எதையும் மதிக்காது.
போன வருஷமும் ஒருநாள் ஏறினேன்: தொண்ணூறு.
இன்றைக்கு எண்பது.

பையன் கை தட்டினான்.
நான் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
குறைந்தது ஐந்தரைதான் தம்பி,
மிச்ச நாலரை மேடையின் பொய்.

வெறும் லாரி என்று எழுதுவோமே,
எந்த லாரியும் வெறுமையாய் வந்ததில்லை.
டிரைவர், அவன் கைலி, ஸ்பேர் டயர், பாதி டீசல்,
மாதா படம் ஒன்று,
எல்லாம் சேர்ந்ததுதான் அதன் எடை.
அதற்கும் கீழே இறக்கப் பார்த்தால்
வண்டி ஓடாது.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.
எழுந்தேன்.
சவரிமுத்து தோளை நீட்டிக்கொண்டு நின்றார்,
பழக்கதோஷம்.
துவட்டிய துண்டை அதில் போட்டுவிட்டு
அடுப்படிக்குப் போனேன்.