ஜீரோ கேட்டுக்குப் போகும் வரிசை

கரண்ட் போய் முக்கால் மணி நேரம்.
ஜன்னல் கம்பியில் இரண்டு நெற்றிகள்.
கீழே எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகள்,
ஒன்றின் முதுகை ஒன்று முகர்ந்தபடி,
திருவொற்றியூரிலிருந்தே நிற்கிறதாம் வரிசை.
ஊருக்கு அது தொல்லை.
என் பிள்ளைகளுக்கு அது கரும்பலகை.

சட்டம் ஜெசிந்தா போட்டது:
ஆளுக்கு ஒரு வண்டி, மாற்றி மாற்றி.
பின்கதவில் ஏழு எண் இருக்கும்,
பின்னால் நிற்கிற வண்டியின் விளக்கில் தெரியும்.
கூட்டு. இரண்டு இலக்கம் வந்தால் அதையும் கூட்டு.
பெரிசு வந்தவர் ஜெயிச்சாச்சு.
தோற்றவர் மொட்டைமாடித் துணி எடுக்க வேண்டும்.

பெலிக்ஸுக்கு எட்டு வயது.
கணக்குப் பரீட்சையில் ஐம்பதுக்குப் பதினொன்று.
வாய்ப்பாடு என்று நான் வாயெடுத்தால்
அவனுக்கு வயிறு வலிக்கும்.
ஜன்னலில் மட்டும்
அவன் உதடு அசைகிற வேகத்துக்கு
எனக்கு நெத்திலித் தலை கிள்ள வராது.

போன வாரம் அவன்தான் கண்டுபிடித்தான்:
"ஒம்போதத் தூக்கிப் போட்ரு. விடை மாறாது."
நான் நம்பவில்லை.
காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
4 0 5 2 7 3 1.
கூட்டினால் இருபத்திரண்டு. இரண்டும் இரண்டும் நாலு.
அவன் வழியில்,
நாலும் அஞ்சும் ஒன்பது, போ.
ரெண்டும் ஏழும் ஒன்பது, நீயும் போ.
மிச்சம் மூணும் ஒண்ணும்.
நாலு.
மீன் வாசனைக் கையோடு
இன்னும் ஏழெட்டு வண்டி போட்டேன்.
எப்படிச் சேர்ந்து வந்தாலும் ஒன்பது
சுவடில்லாமல் வந்து சுவடில்லாமல் போகிறது.
ஏனென்று எனக்குத் தெரியவில்லை.
அவனுக்கும் தெரியாது,
அதனால் அவன் தூக்கம் கெடவுமில்லை.

இன்றைக்குச் சண்டை.
ஜெசிந்தாவின் முறைக்கு வந்தது ஒரு நீல முதுகு:
3 6 2 7 1 8 0.
"மூணும் ஆறும் போச்சு, ரெண்டும் ஏழும் போச்சு,
ஒண்ணும் எட்டும் போச்சு...
ஒண்ணுமே இல்லக்கா! சைபர்! துணி எடு!"
"கூட்றா. இருவத்தேழு. ரெண்டும் ஏழும் ஒம்போது.
இதவிடப் பெரிசே கெடையாது. நீ எடு!"
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் மீனைப் பார்த்தேன்.

அப்போது நீல வண்டி ஹாரன் அடித்தது,
இரண்டு குட்டை, ஒரு நெட்டை.
எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஹாரன்.
முதுகையே படித்துக்கொண்டிருந்ததில்
தலையை யாரும் கவனிக்கவில்லை.

முந்தாநாள் கிளம்பிய மனுஷன்.
வீட்டு வாசல் முப்பதடியில்.
இறங்க முடியாது.
வரிசை ஓரடி நகர்ந்து இவர் நகராவிட்டால்
பின்னால் இருப்பவன் பரம்பரையையே இழுப்பான்.
தண்ணி பாட்டில், நாலு இட்லி, பொட்டலத்தில் காரச் சட்னி,
இரண்டு மாடியும் தடதடவென்று இறங்கின.

மேலிருந்து எனக்குக் கேட்டது:
"அப்பா, சைபரா ஒம்போதா?"
"எதுடா?"
"ஒன் வண்டிதான்!"
இருதயராஜ் வாய் நிறைய இட்லியோடு யோசித்தார்.
"முன்னாடி நாப்பது வண்டி நிக்குது.
வண்டிக்கு மூணு நிமிஷம்னு வெச்சுக்கோ..."
"நூத்தி இருவது! ரெண்டு மணி நேரம்!"
என் பதினொன்று மார்க்குக்காரன்.
"அப்ப வீட்டுக்கு எத்தன மணிக்கி வருவ?"

அந்தக் கணக்கை அவர் போடவில்லை.
வரிசை நகர்ந்தது.
நீல முதுகு காசிமேட்டுப் பக்கம் போய்
மற்ற முதுகுகளோடு சேர்ந்துகொண்டது.

பத்து மணிக்குக் கரண்ட் வந்தது.
துணியை நான்தான் எடுத்தேன்.
காலண்டர் தாளில் ஜெசிந்தா பேருக்கு நேரே
பெரிதாக ஒரு 0 போட்டு,
அதை இரண்டு தரம் அடிக்கோடிட்டு,
பெலிக்ஸ் பாயில் உருண்டு தூங்கிப் போயிருந்தான்.

அவள் சத்தமில்லாமல் வந்து
அவன் கையிலிருந்த பென்சிலை உருவி
அதற்கு ஒரு வால் வைத்தாள்.