நாற்பது செக்கன்

அந்தக் கழகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன்.
சொன்னால், இரத்த வங்கி றொபின்சன் கேட்ட மாதிரி
நீங்களும் கேட்பீர்கள்:
"ஏன் புள்ள, வெல்லுற ரீம் ஒண்டும் கிடைக்கலையா?"

ஓட்டமாவடியில் குவித்து விற்ற பழஞ்சட்டைகளில்
வாகீசன் இழுத்தெடுத்தது.
ஊதாவில் மஞ்சள் கோடு.
முதுகில் யாரோ ஒருவனின் பெயர், பாதி உரிந்து.
முந்நூறு ரூபாய்.
மற்றவர்களின் விசுவாசத்துக்கு
இதைவிடப் பெரிய காரணம் இருக்கும் என்று
நான் நம்பவில்லை.

ஆவணி, கச்சான் ஓய்ந்துகொண்டிருந்தது.
கல்லடிப் பாலத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு
முதல் ஆட்டத்தைப் பார்த்தேன்.
வென்றோம்.
பட்டியலில் நான்காம் இடம்.
அதைப் படம் பிடித்து வைத்தேன்,
இனி வராது என்று தெரிந்தவள் போல.

வாகீசன் தோஹாவில்.
அவனுக்குக் கம்பனி வைஃபை, எனக்கு ரீலோட் காட்.
அவன் கண்டது என் திரைக்கு வந்துசேர நாற்பது செக்கன்.
ஆகையால் எல்லாக் கோலும் எனக்கு இரண்டு தரம்:
முதலில் அவன் குரல், மூச்சில்லாமல்,
"அடிச்சிட்டான் மச்சாள்",
பின்னால் யாரோ மலையாளத்தில் ஏசுவது.
மறுகாதான் என் கைக்குள்
ஒன்றும் அறியாத ஒருவன் பந்தை நிறுத்தி
நிமிர்ந்து பார்ப்பான்.
யோசிக்காதே, அடி, அது போகும் என்பேன்.
தெய்வங்களுக்கு இப்படித்தான் அலுக்குமோ என்னவோ.

ஐப்பசிக் கடைசியில் அங்கே கடிகாரத்தைத் திருப்பினார்கள்.
எங்களை யாரும் கேட்கவில்லை.
பன்னிரண்டரை ஆட்டம் ஒன்றரைக்குப் போயிற்று.
இரவுக் கடமையைக் கேட்டு வாங்கினேன்.
பொறுப்பான பிள்ளை என்று
பெரிய டொக்டர் கோப்பில் எழுதினார்.

மார்கழியில் வாவி றோட்டுக்கு ஏறியது.
ஏழு ஆட்டம், ஒரு புள்ளி.
தை முழுக்க டெங்கு.
ஒரு பக்கம் இரத்தக் குழாய்கள் சுழன்று இரைய
மறுபக்கம் இரசாயனப் போத்தலில் சாய்த்த கைபேசி.
எட்டாம் வார்ட்டுப் பொடியனுக்குத்
தட்டணு இருபத்தோராயிரம்.
எங்களுக்கு இருபத்தொரு ஆட்டத்தில் பதினைந்து.
இரண்டையும் ஒரே கையால் எழுதினேன்.
மூன்றாம் நாள் அவனுடையது ஏறியது.
தாய் தொதல் கொண்டுவந்து தந்தாள்.
அதைத் தின்றுகொண்டே மூன்றுக்குப் பூச்சியம் தோற்றோம்.

பங்குனியில் ஓர் இரவு படம் ஏறவில்லை,
குரல் மட்டும் ஏறிற்று.
இரண்டாம் பாதி முழுவதையும் அவன் சொல்லக் கேட்டேன்.
யார் விழுந்தான், யாருக்கு மஞ்சள் அட்டை,
நடுவர் எந்தப் பக்கத்து மாடு.
இரண்டுக்கு இரண்டு என்றான்.
விடியப் பார்த்தால் இரண்டுக்கு நான்கு.
"நித்திரை கொள்ளட்டும் எண்டுதான்" என்றான்.
நான்கு நாள் அவனோடு கதைக்கவில்லை.

வைகாசி, கடைசி ஞாயிறு.
இருபது கழகமும் ஒரே நேரத்தில், இரவு எட்டரைக்கு.
ஒன்றுக்கு ஒன்று.
இன்னும் ஒரு கோல் போதும், இறங்கமாட்டோம்.
தொண்ணூற்று நான்காம் நிமிசம், மூலை உதை.
கோல் காப்பவனும் ஓடி வந்துவிட்டான்,
பச்சைச் சட்டையோடு, அத்தனை தலைகளுக்குள் இன்னொரு தலை.
பந்து எழும்பியது.

வாகீசனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

என் திரையில் அது இன்னும் மேலேதான்.
கத்திக் கத்தி அழுத்த மறந்திருப்பான்.
வைஃபை போயிருக்கும்.
கைபேசியைத் தூக்கி எறிந்திருப்பான், சந்தோசத்தில்.
முன்பு ஒருநாள் பொய் சொன்னவன்தானே,
இன்று பேசாமலிருந்து பொய் சொல்கிறானாக்கும்.
அந்தச் சின்ன இடைவெளிக்குள்
எத்தனையை வைக்க முடியுமோ அத்தனையும் வைத்தேன்.

பந்து இறங்கியது.

காலையில் கடமை மாறி வெளியே வரும்போது
ஒரு பதிவு. ஒன்பது செக்கன்.
முதல் ஐந்திலும் பஸ் இரைச்சல்.
மறுகா,
"மச்சாள், ரெண்டாம் பிரிவு ஆட்டம்
எந்தச் சனலில போடுவானுகள் எண்டு
கொஞ்சம் பாத்து வை."