குரங்கு வாலில் சாராயம் இல்லை

இந்தப் பானத்துக்குக் குரங்கு வால் என்று பெயர்.
கோலா தே மோனோ.
ஏன் என்று கேட்டால் தால்காவானோவில்
ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
எந்தக் கதையும் முடியுமுன் பாட்டில் முடிந்துவிடும்.

டிசம்பர் இருபத்து மூன்று. கொளுத்தும் வெயில்.
படகுத்துறையில் கடல்சிங்கங்கள் குறட்டை விடுகின்றன.
மீன்தூள் ஆலைக்கு விடுமுறை விட்டாலும்
அதன் நாற்றத்துக்கு விடுமுறை இல்லை.
நான் அடுப்படியில்,
என் ஈரலைப் பற்றிய ஒரு தாளோடு.

டாக்டர் அதில் ஓர் எண்ணைச் சுற்றி
பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.
பேசிக்கொண்டே
அதே வட்டத்தின் மேல் இன்னொன்று.
அந்த இரண்டாவது வட்டம்தான் என்னைப் பயமுறுத்தியது.

ஆகவே
லிட்டர் கணக்கில் ஊற்றும் அகுவார்தியெந்தே கிடையாது.
டின்பால் கிடையாது.
சர்க்கரை டப்பாவரை கை போனது,
பழக்கதோஷம்,
வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

ஓட்ஸை ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்தேன்.
முதல் தடவை சுவரொட்டிப் பசை.
பூனை மோந்துவிட்டு என்னைப் பார்த்தது.
ஐஸ் தண்ணீரில் அரைக்க வேண்டும், அதுவும் அரை நிமிடம்தான்.
இதைக் கற்க இரண்டு பொட்டலம் ஓட்ஸ் செலவு.
பேரீச்சம்பழம் ஒன்பது, கொட்டை நீக்கி.
கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல்.
காப்பி மட்டும் பழைய அளவு.
காப்பி விஷயத்தில் எந்த டாக்டருக்கும் இறங்கி வர மாட்டேன்.

ருசித்தேன்.
பல் விழுந்த இடத்துக்குப் போவது போல
நாக்கு சாராயம் இருந்த இடத்துக்கே
போய்ப் போய் வந்தது.
இஞ்சி தட்டிப் போட்டேன், ஒரு காய்ந்த மிளகாயும்.
தொண்டையில் ஒரு சூடு இறங்கியது.
பொய்ச்சூடுதான். போதும்.

பழைய பாட்டில்களிலேயே ஊற்றி வைத்தேன்.
லேபிளைக் கிழிக்கவில்லை.
மறதியா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் இரவு வந்தார்கள்.
கொழுந்தன் நிபால்தோ,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்,
என் எலியோதோரோ போன பிறகும்
கிறிஸ்துமஸுக்குத் தவறாதவர்.
முதல் தம்ளரில், "நெருப்புடி இது, மிர்த்தா!"
இரண்டாவதில் சட்டைப் பொத்தான்கள் கழன்றன.
மூன்றாவதில் நாற்காலியைப் பிடித்துத்தான் எழ முடிந்தது.
நான்காவதில் சாமி வந்தவர் போல ஆடிப் பாடினார்.
ஓட்ஸ் கஞ்சிக்கு இவ்வளவு வேகம் உண்டென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன்.

ஐந்தாவதில் அழுதார்.
"அண்ணனின் படகு மோட்டார்.
நான்தான் விற்றேன்.
களவு போச்சென்று போலீசில் எழுதிக் கொடுத்தவனும் நான்தான்."

பான் தே பாஸ்குவா வெட்டிய கத்தி
உலர்திராட்சை ஒன்றின் மேல் நின்றது.
பதினாறு வருஷம்
எதிர்வீட்டு லிசார்தோவைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.
அவன் காலை வணக்கம் சொல்வான்.
நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

"குடிச்சவன் பேச்சு, விட்டுத் தள்ளு"
என்றாள் அவர் மனைவி ஒர்ட்டென்சியா.

சொல்லியிருக்கலாம்,
ஒரு சொட்டுகூட இல்லையென்று.
சொன்னால் அந்த மோட்டாரை
அவர் திரும்ப விழுங்க வேண்டியிருக்கும்.
ஆறாவது தம்ளரை ஊற்றினேன்.
மீதிப் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு
மனைவியின் தோளைப் பிடித்தபடி
தள்ளாடித் தள்ளாடிப் போனார்.

காலையில் ஊரே தூங்கியது.
வாசலில் நிபால்தோ, மழமழவென்று சவரம் செய்த முகம்.
"நேற்று ஏதாவது உளறினேனா?"
"பாடினீர்கள்."
தலையை ஆட்டினார்.
நின்றார்.
எதிர்வீட்டையே பார்த்தார்,
அங்கே யாரோ ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு பாட்டிலை நீட்டினார்.
காலி. கழுவித் துடைத்தது.
லேபிள் மட்டும் உரிக்கப்பட்டிருந்தது.

"பேரீச்சம்பழம் எத்தனை போட்டே?"

"ஒன்பது," என்றேன்.