தலையணை உறை, அறுபது நாள்

பட்டைத்துணி வாங்க பட்ஜெட் இல்லை என்றார் கிராணி தர்மசீலன்.
பீடோர் சந்தையில் வாங்கிய என் தலையணை உறையை
நான்காகக் கிழித்து
நீல நைலான் கயிறு கட்டிப் புதைத்தேன்,
மார்ச் பதினொன்று, பிளாக்குக்கு ஒன்று.

மூன்றாம் பிளாக் செம்பனைதான் தோட்டத்தின் பெருமை.
இருபத்து மூன்று வருஷம் யூரியா, பொட்டாஷ், முழு அளவு.
கோலாலம்பூர் ஆட்களை அங்கேதான் நிறுத்திப் படமெடுப்பார்கள்.
எக்டருக்கு இருபத்தெட்டு டன். பொய்யில்லை,
தராசுச் சீட்டைக் கூட்டியவள் நான்.
ஐந்து வருஷம் முன் முப்பத்தொன்று.
அதையும் நானேதான் கூட்டினேன்.

மரத்துக்கு வயசாச்சு என்கிறார் மேனேஜர்.
நான்காம் பிளாக் மரங்களும் அதே நாற்றங்கால், அதே வயசு.
அங்கே பாதி உரம், மீதிக்கு
ஆலை லோரி கொட்டிப்போகும் வெற்றுக்குலை.
அது இறங்கவில்லை.

மே பத்து. விடிய விடிய மழை.
பூங்காவனம் மண்வெட்டியோடு வந்தாள்.
மூன்றாம் பிளாக்குக்கு அத்தனை வருஷமும்
இடுப்பு வாளியிலிருந்து உரம் இறைத்தவள்.
விரல் ரேகை தேய்ந்துபோய்
பேங்க் மிஷினுக்கு அவளை அடையாளம் தெரியாது.

எதுவுமே போடாத ஒன்றாம் பிளாக்கில்
கயிறு மட்டும் கிடைத்தது.
இரண்டில் ஓட்டை ஓட்டையாய்க் கொஞ்சம்.
நான்கில் சிலந்திவலை அளவு,
தொட்டதும் விரலில் ஒட்டி
மழை வாசம்.
மூன்றில்
நான் பின்னிய கிளி அப்படியே இருந்தது.
மூக்குச் சிவப்புகூட.

பூங்காவனம் உதறி வெளிச்சத்தில் பிடித்தாள்.
"தொவைச்சா இன்னும் தலைக்குப் போடலாம் லா."
சிரித்தோம்.
அப்புறம் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.
"அப்போ உள்ள யாருமே இல்லியா?"

இருக்கிறார்கள், கொஞ்சப் பேர்.
மண் புளித்துவிட்டது.
மரத்துக்குப் பரிமாறிவிட்டோம்,
அவர்கள் பசியாறினார்களா என்று கேட்கவில்லை.

பத்து மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய்.
மாவு மூட்டையில் ஏதோ தூரதேசத்துக் கோதுமைக் கதிர்.
அந்த வயலிலும் ஒருத்தி
எதையாவது புதைத்துவிட்டு
நாள் எண்ணிக்கொண்டிருப்பாள்.
பூங்காவனம் பருப்புக்குழம்பு இன்னொரு கரண்டி கேட்டாள்.

அறிக்கையில் மகசூலுக்குக் கட்டம் உண்டு.
துணிக்கு இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

கிளியை வீட்டுக்குக் கொண்டுவந்து
அலசுவதற்கு முன் ஒருமுறை முகர்ந்தேன்.
அறுபது நாள் மண்ணுக்குள் கிடந்தது.
மண் வாசம் இல்லை.